கவரிங் பண்ணத் தெரியாத கெமிஸ்ட்ரி

பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்க யாராவது வீட்டுல இருந்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "பித்தளை டாலருக்கு செம்பு முலாம் பூசணும். டாலரை பேட்டரியோட எந்த முனையில மாட்டுவ?" நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை மூச்சு விடாம சொல்ற பிள்ளை இதுக்கு முழிக்கும். நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் முழிதான் பதில்.

நான் குப்பை கொட்டுறது ராஜ்கோட்ல. நம்ம பக்கம் கவரிங்னா சிதம்பரம் மாதிரி, வடக்கே இமிட்டேஷன் நகைன்னா இந்த ஊரு. சந்துக்குச் சந்து முலாம் பட்டறை. வேலை செய்யற பையன் தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தே கரண்ட் ஜாஸ்தின்னு ரெக்டிஃபையரைக் குறைப்பான். ஏன்னு கேட்டா, "கருகிடும் சார்". அவனுக்கு ஃபாரடே யாருன்னு தெரியாது. நாலு தெரு தள்ளி, கோச்சிங் சென்டர்ல ஃபாரடே கணக்கை முப்பது செகண்டுல போடற பையனுக்குத் தொட்டி எப்படி இருக்கும்னே தெரியாது. ஒரே ஊரு, ஒரே விஞ்ஞானம், நடுவுல பெரிய சுவரு.

போன வருஷம் பெற்றோர் கூட்டத்துல பிள்ளைங்களை லேப்ல ஒரு நகை செய்ய விடுங்கன்னு கேட்டேன். "நாங்க இஞ்சினியர் ஆக்க சொல்லித் தர்றோம், ஆசாரி ஆக்க இல்லை"ன்னு பதில் வந்துச்சு. பக்கத்துல இருந்த அப்பா அம்மாக்களும் சிரிச்சாங்க. செலவு, ஆபத்து, நேரமில்லைங்கறதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கிட்ட காரணங்க. அசல் காரணம் அந்தச் சிரிப்புல இருக்கு.

செலவைப் பார்ப்போமா? காப்பர் சல்பேட் எல்லா பள்ளிக்கூட லேப்லயும் கிடக்கு. அம்மீட்டரும் ரியோஸ்டாட்டும் பக்கத்து ஃபிசிக்ஸ் லேப்ல தூசி தின்னுது. வேண்டியது ஒரு செம்புத் தகடு, ஒரு பித்தளை டாலர், நகைக்கடைக்காரங்க வச்சிருக்கற மாதிரி 0.01 கிராம் காட்டற சின்ன தராசு. தகடு நேர்மின்வாய், டாலர் எதிர்மின்வாய். 0.2 ஆம்பியர், 30 நிமிஷம். மொத்தம் 360 கூலும். 63.5ஐ 96,500ஓட இரண்டு மடங்கால வகுத்து, 360ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 0.12 கிராம். டாலர் அவ்வளவு எடை ஏறியிருக்கணும், தகடு அவ்வளவு இளைச்சிருக்கணும்.

தராசு 0.10 காட்டுதுன்னு வைங்க. அங்கதான் பாடமே ஆரம்பிக்குது. கரண்ட் நடுவுல இறங்குச்சா? எண்ணெய்ப் பிசுக்கோட டாலரை முக்கினதால பூச்சு ஒட்டாம உதிர்ந்துச்சா? அவசரத்துல கரண்ட்டை ஏத்தி, செம்பு கருகித் தூளாப் போச்சா? பரீட்சைப் பேப்பர்ல விடை தப்புன்னா மார்க் போகும், அவ்வளவுதான். இங்க தன் கையால செஞ்ச டாலர் திட்டுத்திட்டா நிக்குது. அதைக் கழுத்துல போட முடியாது. எந்தப் பிள்ளையும் காரணம் தெரியாம விடாது. (பசங்க நகை போடுவாங்களான்னு கேக்காதீங்க. கையில காப்பு போடாத காலேஜ் பையனைக் காட்டுங்க.)

ஆபத்து விஷயம் நியாயமான கேள்வி. தங்க, வெள்ளி முலாம் தொட்டியில வழக்கமா சயனைடு இருக்கும். 1840ல பர்மிங்காம்ல எல்கிங்டன் காப்புரிமை வாங்கின முறையே அதுதான். அது பள்ளிக்கூட வாசல் பக்கமே வரக்கூடாது. நிக்கலும் வேண்டாம், நிறைய பேருக்குத் தோல் அரிக்கும். செம்போட நிறுத்திக்கலாம். கையுறை, கண்ணாடி போடணும், அமிலம் சேர்க்கறது வாத்தியார் வேலை.

இப்ப நம்மாளுங்க ஒருத்தர் கட்டாயம் கேப்பாரு: "கைத்தொழிலா? இது குலக்கல்வி இல்லையா?" 1953ல ராஜாஜி கொண்டு வந்த திட்டத்தை எதிர்த்தவங்க பக்கம்தான் நானும். அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னா தச்சர் பிள்ளை தச்சராவே நிக்கும். 1954ல காமராஜர் வந்து அதை எடுத்தாரு, நல்லது. நான் கேக்கறது அதுக்கு நேர் எதிர். டாக்டர் பிள்ளை, வக்கீல் பிள்ளை, பட்டறைக்காரர் பிள்ளை மூணும் ஒரே மேசையில ஒரே டாலரைத் தேய்க்கணும். பட்டறைக்காரர் பிள்ளைக்கு ஃபாரடே கணக்கும், வக்கீல் பிள்ளைக்குக் கையில கறையும் கிடைக்கணும். கைவேலையைப் படிப்புல இருந்து விலக்கி வச்சதால யாருக்கும் சாதி ஒழியலை. "ஆசாரி"ங்கறது இன்னும் சிரிப்புக்குரிய வார்த்தையாத்தான் இருக்கு.

எரிச்சல் என்னன்னா, காந்தி படிச்ச ஆல்ஃபிரட் ஹைஸ்கூல் இதே ராஜ்கோட்லதான். கைத்தொழில் வழியாப் பாடம்னு 1937ல வார்தாவுல பேசினவரு. அவர் படிச்ச கட்டடத்தை 2018ல மியூசியம் ஆக்கியாச்சு. நம்ம பக்கமும் லேசுப்பட்டதில்லை. மின்வேதியியலுக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடியில இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரு, 1948ல நேரு அடிக்கல் நாட்டினாரு. அதே ஜில்லாவுல பிள்ளைங்க செல்லோட படத்தைப் பார்த்து வரைஞ்சே பாஸ் பண்றாங்க.

யாராவது வாத்தியார் இதைப் படிச்சுட்டு முயற்சி பண்ணினா ஒரு வேண்டுகோள். வேலை முடிஞ்சதும் கரைசலை சிங்க்ல ஊத்திடாதீங்க. ஒரு வாளியில விட்டு இரும்பு ஆணி போட்டு இரண்டு நாள் வைங்க. நீலம் வெளுத்து, அடியில செம்பு படியும். அது ஏன்னு பிள்ளைங்களையே சொல்லச் சொல்லுங்க, அது அடுத்த வகுப்பு.