வடக்கிலிருந்து வந்த 'நற்செய்தி'

ஆங்கிலேயர் ஸ்காட்லாந்தியரோடு பொருத போர்களைப் பாடும் பழைய கதைப்பாடல்களை 'மக்களின் குரல்' என்று போற்றுவோர் நம்மிடையே பலர் உளர். கல்லூரியில் ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகளும் அதனை நம்பித் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். இக்கூற்றை நான் மறுக்கிறேன். அப்பாடல்களுள் பல மக்களின் குரல் அல்ல. அரண்மனையின் குரல், அல்லது கடைவீதியின் குரல்.

1513 செப்டம்பர் 9ஆம் நாள் பிளாடன் களத்தில் ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸ் வீழ்ந்தான். அவ்வாண்டிலேயே அவனை எள்ளி நகையாடும் பாட்டு ஒன்று அச்சேறியது. பாடியவன் ஏரோட்டியா, கொல்லனா? இல்லை. ஜான் ஸ்கெல்டன், எட்டாம் ஹென்றிக்கு இளமையில் ஆசானாய் இருந்தவர். மாண்ட ஜேம்ஸோ அதே ஹென்றியின் தமக்கை கணவன். மைத்துனன் பிணத்தின்மேல் அரண்மனைப் புலவர் நகைத்ததை ஊரார் நகைத்ததாகக் கணக்கெழுதுவது எவ்வகை நீதி?

பின்னர் வந்தது அச்சுத்தாள் வாணிகம். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட தாள். மேலே ஏதோ பழைய மரச்செதுக்குப் படம். இன்ன மெட்டில் பாடுக என்றொரு குறிப்பு. நம்மூர்ச் சந்தைகளில் காலணாவுக்கு விற்ற சிந்து நூல்களைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தெருவில் பாடிக்கொண்டே விற்பர். விற்க வேண்டுமாயின் வெற்றி வேண்டும். வெற்றி இல்லாத ஆண்டில் என் செய்வது?

அலுவலகத்தில் எந்தக் குறிப்பையும் படிக்கும் முன் அதன் தேதியைப் பார்ப்பது என் தொழிற்பழக்கம். 1640ஆம் ஆண்டுத் தாள்களையும் அவ்வாறே பார்ப்போம். முதலாம் சார்லஸ் தன் வழிபாட்டு நூலை ஸ்காட்லாந்தியர்மேல் திணிக்க முயன்றதில் மூண்ட பகை அது. ஆகஸ்ட் 28இல் நியூபர்ன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை தோற்றோடியது. இரண்டே நாளில், இலண்டனுக்கு நிலக்கரி அனுப்பும் நியூகாசில் நகரம் பகைவர் கைப்பட்டது. இதற்குப் பின் மார்ட்டின் பார்க்கர் என்னும் பாட்டு வணிகர் வெளியிட்ட தாளின் தலைப்பு, 'வடக்கிலிருந்து நற்செய்தி'! செய்தி யாது? டர்ஹம் பகுதியில் ஒரு வீட்டைக் கொள்ளையிட வந்த நூறு பேரளவிலான ஸ்காட்லாந்தியரை ஆங்கிலக் குதிரைவீரர் மடக்கி முப்பத்தொன்பது பேரைச் சிறைப்பிடித்தனராம். நகரமே போயிற்று, நாற்பதுக்கு ஒன்று குறைவாகக் கைதிகள் கிடைத்தனர் என்று கொண்டாட்டம். அக்டோபரில் ரிப்பன் உடன்பாட்டின்படி, தம் மண்ணில் தங்கிய அப்பகைப்படைக்கு நாளொன்றுக்கு 850 பவுன் படியளக்க ஆங்கிலேயர் இசைந்தனர். எந்த மெட்டில் அதைப் பாடுவது?

'செவி சேஸ்' பாடல் என்னாயிற்று என்று நண்பர்கள் வினவுவர். பெர்சி, டக்ளஸ் இருவர் கதை கேட்டால் போர் எக்காளம் கேட்டாற்போல் தம் நெஞ்சு அசையும் என்று சர் பிலிப் சிட்னியே எழுதியுள்ளார். அந்நூல் 1595இல் வெளிவந்தது. மாண்ட டக்ளஸின் கையைப் பற்றிப் பெர்சி இரங்கும் இடம் என் நெஞ்சையும் அசைப்பதே. பார்க்கரின் தாளில் பகைவன் வெறும் கலகக்காரன். இங்கோ அவன் ஒரு வீரன். மக்களின் குரல் என எதையேனும் சொல்லித்தான் ஆகவேண்டுமாயின் இவ்வோரிடத்தைச் சொல்லுங்கள், தடையில்லை.

ஆயின் வரலாறு என்று சொல்லாதீர்கள். இக்கதைக்கு அடியாக அறிஞர் கருதும் ஆட்டர்பர்ன் போர் 1388இல் நடந்தது. டக்ளஸ் மாண்டான், வென்றது அவன் படையே. பாட்டில் அவனோடு மடியும் பெர்சி உண்மையில் சிறைப்பட்டு, மீட்புப்பணம் தந்து மீண்டான். அவன் மாண்டது 1403இல், ஷ்ரூஸ்பரி களத்தில். அன்று அவன் எதிர்த்தது ஸ்காட்லாந்தியரை அன்று, தன் சொந்த ஆங்கில மன்னன் நான்காம் ஹென்றியை. அக்களத்தில் அவன் பக்கம் நின்று பொருதவர்களுள் ஒருவன், ஸ்காட்லாந்தின் அடுத்தொரு டக்ளஸ் பிரபு.