ஸ்பேர் இல்ல சார்!

அமெரிக்கா போனால் நயாகரா பார்க்கணும், டிஸ்னி பார்க்கணும் என்பார்கள். நான் போன வருஷம் ஓரிகன் மாநிலத்தில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த ஷெட்டில் கார் இல்லை. சுவர் முழுக்க செயின் சா. அதாவது, மரம் அறுக்கும் மெஷின். 1950-களிலிருந்து 70-கள் வரை வந்தவை. மஞ்சள், சிவப்பு, பெயின்ட் உரிந்து என்ன நிறமென்றே தெரியாதவை. வீட்டுக்காரர் காட்டில் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். நான் போனபோது ஒரு இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே தகடு. மூன்றாம் நாளும்.

"புதுசு வாங்கினா நானூறு டாலர். இவர் ஒரு தகட்டுக்கு மூணு நாள் ராவுறார். பென்ஷன் வருதுல்ல, அந்தத் திமிரு" என்றான் அத்தை மகன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தம்தான் இந்த வாரக் கட்டுரை.

அந்தத் தகடு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். செயின் சாவின் முகப்பில், பிளேடு புறப்படும் இடத்தில், புலிப்பல் மாதிரி இரண்டு மூன்று கூர்முனைகள் இருக்கும். அதை மரத்தில் ஊன்றி, நெம்புகோல் மாதிரி மெஷினைத் திருப்பினால் பிளேடு தானாக உள்ளே இறங்கும். அந்த ஊரின் டக்ளஸ் ஃபர் மரத்துக்குப் பட்டை ரொம்பத் தடிமன். கம்பெனி கொடுத்த சின்னப் பல் பட்டையோடு நின்றுவிடும், மரத்தைப் பிடிக்காது. அதனால் பெரிய பல்லாகத் தானே வெட்டிக்கொள்கிறார். கைப்பிடியும் அப்படித்தான். செங்குத்தான மலைச்சரிவில் நின்று அறுக்கும்போது மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கைக்குப் பிடி வேண்டும். குழாயை வளைத்து, மெஷினைச் சுற்றி முழு வளையமாகப் பிடி போட்டிருக்கிறார். அலங்காரத்துக்குச் செய்ததல்ல. இடத்துக்கும் மரத்துக்கும் தக்கபடி, முப்பது வருஷம் காட்டில் நின்றவன் செய்துகொண்டது.

(அலங்காரத்துக்குச் செய்பவர்களும் உண்டு. பழைய மெஷினுக்குக் குரோமியம் பூசி, ரெஸ்டாரன்ட் சுவரில் மாட்டி, 'வின்டேஜ்' என்று பெயர் வைப்பவர்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.)

மற்ற பாகங்களைச் செய்வதற்குக் காரணம் இன்னும் எளிது. ஸ்பேர் கிடையாது. ஸ்டார்ட்டர் கயிறு சுற்றும் சக்கரம் உடைந்ததா, அலுமினியக் கட்டியை லேத்தில் கடைய வேண்டியதுதான். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையா, தகடு வெட்டி, மடித்து, வெல்டிங். கேஸ்கெட்டுக்குத் தாள் வாங்கிக் கத்தரிக்கோல். கிராங்க் கேஸ் விரிசல் விட்டால் மட்டும் அவர் கை வைப்பதில்லை, தெரிந்த வெல்டரிடம் கொடுக்கிறார். அது மெக்னீசியம் கலந்த வார்ப்பு. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும்.

அவரிடம் அதிகம் இருந்தது மெக்கல்லக் கம்பெனி மெஷின்கள். 1949-ல் ஒரே ஆள் தூக்கி அறுக்கிற மாதிரி சுமார் 11 கிலோவில் செயின் சா கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனி. அதற்கு முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு முனையாக இருவர் பிடிக்கும் மெஷின்களே அதிகம். கம்பெனியை ஆரம்பித்த ராபர்ட் மெக்கல்லக் ஒரு சுவாரஸ்யமான ஆள். 1968-ல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கினார். ஆமாம், தேம்ஸ் நதி மேல் 1831-ல் திறந்த பாலம். அதன் முகப்புக் கருங்கற்களுக்கு ஒவ்வொன்றாக நம்பர் போட்டு, கப்பலில் ஏற்றி, அரிசோனா பாலைவனத்தில் மறுபடி அடுக்கி, 1971-ல் திறந்தார். ஒரு கல் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள். அவர் பெயர் தாங்கிய கம்பெனி 1999-ல் திவால் மனு கொடுத்தது. பிராண்ட் பெயர் கைமாறி, இப்போது ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவிடம் இருக்கிறது. பெயருக்கு வாங்க ஆள் கிடைத்தது. பழைய மெஷினின் ஸ்டார்ட்டர் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கு என்ன ஆனது? பக்கத்து வீட்டுக்காரர் வெர்னியர் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.

நான் பி.காம். படித்தவன். இந்த விஷயத்தில் எங்கள் கூட்டத்துக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். டிப்ரிசியேஷன் என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் கழி என்பார்கள். பத்தாயிரம் ரூபாய் மெஷின் இருபது வருஷத்தில் 388 ரூபாய் ஆகும். அறுபது வருஷத்தில் 58 பைசா. அந்த 58 பைசா மெஷின் இரண்டடி விட்டமுள்ள மரத்தை என் கண்ணெதிரே அறுத்துத் தள்ளியது. புத்தகத்தில் செத்துப்போனதற்கு எதற்கு ஸ்பேர் என்று கம்பெனி கேட்கிறது. புத்தகம் எழுதியவன் நான். மெஷின் சாகவில்லை சார், நாங்கள்தான் இறப்புச் சான்றிதழ் கொடுத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே பழைய மெஷினில் இரண்டு பாகங்களுக்கு மட்டும் பெரும்பாலும் தட்டுப்பாடு இல்லை. ஒன்று, செயின். ஓரிகனில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒரு வண்டின் புழுவைப் பார்த்தார். அதன் தாடை இடமும் வலமுமாகச் சீவிக்கொண்டு போவதைக் கவனித்து, அதே மாதிரி பல் வைத்து ஒரு செயின் செய்து, 1947-ல் விற்க ஆரம்பித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுவது அந்த அடிப்படைதான். செயினுக்கு அளவு பொது. .404 அங்குல செயின் என்று கேட்டால், எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாவது, கார்புரேட்டர். அதைச் செய்தவை டில்லட்சன், வால்ப்ரோ மாதிரி தனிக் கம்பெனிகள். பல மெஷின்களுக்கு ஒரே டிசைன். அதனால் அறுபது வருஷத்து மாடலுக்கும் உள்ளே போடும் ஜவ்வு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

ஆக, பழசு என்பதால் ஸ்பேர் கிடைக்காமல் போகவில்லை. அளவு ஊருக்குத் தெரிந்த பாகம் பிழைத்துக்கொண்டது. அளவைக் கம்பெனி பூட்டி வைத்த பாகம் செத்தது.

கம்பெனிக்காரர்கள் பதில் சொல்வார்கள். "ஐம்பது வருஷத்துக்கு ஸ்பேரை கோடவுனில் அடுக்கி வைக்க முடியுமா? வாடகை யார் கொடுப்பது?" நியாயமான கேள்வி. ஸ்டாக் வைத்திருப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பரீட்சையில் மார்க் வாங்கியவன் நான். அதனால் ஸ்டாக் வைக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு காகிதம் கேட்கிறேன். எந்த பாகத்தை இனி செய்வதில்லை என்று முடிவெடுக்கிறீர்களோ, அந்தப் பாகத்தின் வரைபடத்தை அன்றைக்கே வெளியிடுங்கள். அளவு, உலோகம், துளை எங்கே, இவ்வளவுதான். நீங்கள் செய்யப்போவதில்லை, விற்கப்போவதுமில்லை. பூட்டி வைத்து என்ன பண்ணப் போகிறீர்கள்? ஊறுகாயா?

பேடன்ட் என்கிற ஏற்பாடே இப்படிப்பட்ட பேரம்தான். 20 வருஷம் நீ மட்டும் செய்துகொள், பதிலுக்கு ரகசியத்தை ஊருக்குச் சொல் என்கிறது அரசாங்கம். 1960-களின் மெஷினுக்கு அந்தக் காவல் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால், பேடன்ட் தாளில் யோசனைதான் இருக்கும், சக்கரத்தின் மில்லிமீட்டர் இருக்காது. பேரத்தில் பாதிதான் நமக்கு வந்திருக்கிறது. மீதியைக் கேட்கிறோம்.

"கண்டவன் கண்ட பாகத்தைச் செய்து மாட்டினால் ஆபத்து" என்று அடுத்த வாதம் வரும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செயின் சா விளையாட்டுச் சாமான் அல்ல. பிளேடின் நுனி ஏடாகூடமாகப் பட்டால் மெஷின் அப்படியே முகத்துக்குத் திரும்பி எகிறும். அதைத் தடுக்கும் செயின் பிரேக் 1970-களில்தான் பரவலாக வர ஆரம்பித்தது. பழைய மெஷின்களில் அது கிடையாது. அதிர்வைக் குறைக்கும் ரப்பரும் கிடையாது. வருஷக்கணக்கில் அதிர்வு ஏறி விரல்கள் வெளுத்து மரத்துப்போவது மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரிந்த நோய். பக்கத்து வீட்டுக்காரரின் வலது கை ஆள்காட்டி விரல் குளிர் நாளில் வெள்ளைவெளேரென்று ஆகிவிடும். என்னிடம் காட்டினார். அவர் மெஷினை யாருக்கும் இரவல் தருவதில்லை. தினமும் எட்டு மணி நேரம் கூலிக்கு அறுக்கிறவன் பிரேக் இருக்கிற புது மெஷின்தான் வாங்க வேண்டும் என்று அவரே சொல்கிறார். செயின் பிரேக்கை லேத்தில் கடைந்து மாட்டு என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆபத்து என்பதுதான் காரணமென்றால், 1985-லிருந்து ஸ்டில் கம்பெனி பெயரிலேயே நடக்கும் மரம் வெட்டும் போட்டியில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு எதற்கு? இஷ்டத்துக்கு மாற்றியமைத்த ராட்சச மெஷினைத் தூக்கி, சில விநாடிகளில் கட்டையை அறுத்துக் காட்டுவார்கள். கூட்டம் கைதட்டும். மேடையில் மாற்றினால் வீரம். வீட்டில் மாற்றினால் வாரன்டி கேன்சல்!

ஆபத்து என்பது முழுக் காரணமல்ல. டிராக்டர் கம்பெனியான ஜான் டியர், 2015-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வைத்த வாதத்தைப் பாருங்கள். டிராக்டரை விவசாயி வாங்கினாலும், அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேரை அவர் வாங்கவில்லை, வண்டி ஓடும் காலம்வரை ஓட்டிக்கொள்ள அனுமதிதான் பெற்றிருக்கிறார் என்றது. காசு கொடுத்தவன் குடித்தனக்காரன். வித்தவன் ஹவுஸ் ஓனர். ரிப்பேர் விவகாரத்துக்காக அதே கம்பெனி மீது அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது.

புகை? அது உண்மையான குற்றச்சாட்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெயை எரித்துத் துப்புகிறது. பேட்டரி செயின் சா வந்துவிட்டது. சத்தம் குறைவு, புகை இல்லை, வரட்டும். ஆனால் அந்தப் பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காராது. நாளைக்கு அந்த மாடலை நிறுத்தினால் என்ன செய்வீர்கள்? இரும்புப் பல்லை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட்டை எந்த அரத்தால் ராவுவது? பழைய மெஷினில் தோற்ற சண்டையைப் புது மெஷினில் இன்னும் மோசமாகத் தோற்கப்போகிறோம்.

இது ஏதோ அமெரிக்கக் கிழவரின் பொழுதுபோக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையில் எங்கள் தெரு வாசலில் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் ஒருத்தர் செயின் சாவோடு வந்தார். மெஷினின் ஒரு பக்க மூடி, பழைய அலுமினியப் பாத்திரத்தை வெட்டித் தட்டிச் செய்தது. விளிம்பில் பாத்திரக் கடைக்காரர் பொறித்த இன்ஷியல்கூட இருந்தது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"ஸ்பேர் இல்ல சார். கேட்டா, இந்த மாடலே நிறுத்திட்டோம், புதுசு எடுத்துக்கோங்கறான். மெஷின் நல்லாத்தானே ஓடுது? அதான் லேத்துல குடுத்து அடிச்சுக்கினேன்."

அரை மணி நேரத்தில் தெரு திறந்தது. அவரைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. காரியம் ஆகவேண்டியிருந்தது. அதே வேலையை ஓரிகனில் செய்தவரைப் பார்த்துச் சிரித்தேன். யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாதனம், வாகனம் என நாலு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்த டிசம்பரிலேயே போர்ட்டலும் திறந்தது. கம்பெனிகள் அதில் சர்வீஸ் சென்டர் விலாசமும் போன் நம்பரும் போடலாம். விலாசம் எதற்கு? அங்கே போனால்தான் ஸ்பேர் இல்லை என்று சொல்கிறார்களே! ஐரோப்பாவில் 2021-லிருந்து வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இத்தனை வருஷம் ஸ்பேர் தந்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பட்டியலில் செயின் சா இல்லை என்பது வேறு விஷயம். நமக்கு விதி எழுதுகிறவர்கள், வருஷக்கணக்கோடு வரைபடத்தையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். வரைபடம் கிடைத்தால் மிச்சத்தை அம்பத்தூரும் கோயமுத்தூரும் பார்த்துக்கொள்ளும்.

கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினார். செய்த ஒவ்வொரு பாகத்தையும் பென்சிலால் வரைந்து, அளவு குறித்து வைத்திருக்கிறார். யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தபாலில் அனுப்புகிறார். தபால் செலவு அவருடையது.

அடுத்த முறை மிக்ஸியோ மோட்டாரோ வாங்கப்போகும்போது, கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாடலை நிறுத்தினா, அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஸ்பேர் வரும்? எழுதிக் கொடுப்பீங்களா?" அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கடை பெயர் வேண்டாம். பதில் மட்டும் போதும்.