குழந்தையின் குரலைப் பீரோவில் பூட்டலாமா?

பேச்சு வராத குழந்தை டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால், அது குரலாக ஒலிக்கும். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் இதைச் செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இத்தகைய மாற்றுத் தொடர்பு வழிகளை ஊக்குவிக்கச் சொல்கிறது.

ஆனா, செயலியை டவுன்லோடு பண்ணிட்டா போதுமா? சிறப்பு ஆசிரியர் தானும் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். அதைப் பார்த்துதான் குழந்தை கற்கும். கேள்வி கேட்டால், பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். 'தண்ணி வேணும்' மட்டும் போதாது. 'வேண்டாம்', 'வலிக்குது', 'பிடிக்கல' என்று சொல்லவும் படம் வேண்டும்.

சேட்டை பண்ணுதுன்னு டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்தால், வலிக்குதுன்னு அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும்? டேப்லெட் வீட்டுக்கும் கூடவே போகட்டும். சார்ஜ் தீர்ந்தால் கைகொடுக்க, பையில் அச்சிட்ட பட அட்டையும் இருக்கட்டும்.