பேரை மாத்தப் போறீங்களா மக்கா?

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எத்தனை பேரு தெரியுமா? 1979-ல 'டூட்டிகோரின் போர்ட் டிரஸ்ட்'. 2011-ல வ.உ.சிதம்பரனார் பேரு சேர்ந்துச்சு. 2022-ல டிரஸ்ட் போய் ஆணையமாச்சு.

காலேஜ் ப்ராஜெக்டுக்காகச் சொந்தக்காரங்க ஆல்பத்தை எல்லாம் வாங்கி நானூறு போட்டோ ஸ்கேன் பண்ணிட்டீங்க. ஃபைல் பேர்ல வருஷம் இருக்கு. அதைப் பார்த்து, அந்தக் காலத்துத் துறைமுகப் பேரை ஒட்ட ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். முதல்ல இஃப், வருஷம் >= 1979. அப்புறம் எலிஃப், >= 2011. அப்புறம் எலிஃப், >= 2022. ஓட்டிப் பார்த்தா 2023 போட்டோவும் 'டிரஸ்ட்'னு நிக்குது! ஏன்? 2023-ம் 1979-ஐ விடப் பெரிசுதானே! பைத்தான் மேல இருந்து பார்க்கும், முதல் 'ஆமா'வோட நின்னுடும். வரிசையைத் திருப்புங்க: 2022, 2011, 1979.

அடுத்தது, முத்துக்குளிப்புப் படங்களைத் தனியா பிரிக்க எழுதின வரி: இஃப் "முத்து" ஆர் "சிப்பி" இன் பேரு. பார்க்க நல்ல தமிழ் மாதிரிதான் இருக்கு. ஆனா பைத்தானுக்கு "முத்து"ங்கிற காலியில்லாத சொல்லே 'ட்ரூ'. கன்டெய்னர் கப்பல் எல்லாம் முத்துக் குளிக்கப் போயிடும்! "முத்து" இன் பேரு ஆர் "சிப்பி" இன் பேருன்னு ரெண்டு தடவை எழுதணும், சோம்பல் படாதீங்க.

இதெல்லாம் திருத்திக்கலாம். திருத்த முடியாதது ஒண்ணு இருக்கு. தூத்துக்குடியில கடைசியா பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அந்த வருஷத்துப் படம் மூணு இருந்து, மூணுக்கும் 'முத்து_1961'ன்னு பேரு வந்தா? விண்டோஸ்ல ஓஎஸ்.ரீநேம் எரர் காட்டி நின்னுடும். லினக்ஸ்ல சத்தமே இல்லாம பழைய ஃபைல் மேல புதுசு உட்கார்ந்துடும். ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சுன்னா அவ்வளவுதான்.

அந்தப் பேர்ல ஃபைல் ஏற்கெனவே இருக்கான்னு பார்த்து '_2' சேர்க்க இஃப் போடுவோம். அது ஒரு தடவைதான் பார்க்கும். மூணாவது படமும் '_2' மேலயே விழும். அங்கே வொய்ல் போட்டு, காலி நம்பர் கிடைக்கிற வரை ஏத்துங்க.

ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துக்கிட்டு, ரீநேம் வரிக்குப் பதிலா பழைய பேரு, புதுப் பேரு ரெண்டையும் பிரின்ட் மட்டும் பண்ணுங்க. எல்லை வருஷங்களை முதல்ல பாருங்க. டிரஸ்ட் வந்ததே 1979 ஏப்ரல் 1-ல. பிப்ரவரி போட்டோவை என்ன செய்வீங்க? அதுக்கு மாசமும் வேணும்.