நாணயத்தில் ஏறிய மெய்க்கீர்த்தி

2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் ஆயிரம் ரூபாய் நாணயம் ஒன்றை வெளியிட்டார். முதலாம் ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டாம். அரசாங்கம் நாணயம் அடிப்பதில் எனக்குப் புகார் இல்லை. அரசாங்கங்கள் அதைத்தான் செய்யும். 1871இல் பிரான்ஸை ஜெயித்த கையோடு பிரஷ்யா ஒரு வெற்றித் தாலரை வெள்ளியில் அடித்தது. ஒருபுறம் முதலாம் வில்ஹெல்ம், மறுபுறம் உட்கார்ந்திருக்கும் ஜெர்மானியா. அதைக் கொடுத்து ரொட்டியாவது வாங்க முடிந்தது. நம்முடையது புழக்கத்துக்கு வராது. 2011ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி, நாணயமாகக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் வரைதான் செல்லுபடி. ஆக, இதில் ஒன்று கொடுக்கலாம். இரண்டாவதை வாங்க மறுக்கலாம். (பத்து ரூபாய் நாணயத்தையே கடைக்காரர்கள் வாங்க மறுத்த காலத்தில் கடலூரில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்.)

என் புகார் கவிஞர்கள் மேல். சிதம்பரத்தில் நாங்கள் பத்துப் பேர் கூடும் இடத்தில் ஒரு நண்பர், நல்ல கவிதைகள் எழுதியவர், இந்த நாணயத்தின்மேல் ஒரு கவிதை வாசித்தார். கடாரத்தை 'நாம்' வென்றோமாம். யார் இந்த நாம்?

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும். கடாரப் பகுதி முழுக்க ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் என்று ஊர்ப் பட்டியல், அடைமொழிகள். பிடிபட்ட அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன், அவன் யானைகள், வித்யாதர தோரணம். செத்தவன் ஒருவன்கூட இல்லை. அது ராஜாவின் ஆபீஸ் எழுத்து. செத்தவனைப் பற்றிச் சொல்லும் கடமை அதற்கு இல்லை. கவிதைக்கு உண்டு. இதே ஸ்ரீவிஜய அரச வம்சம் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தத் தானத்தைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் சாக்ஷாத் ராஜேந்திரன்தான். பிறகு ஏன் படை போயிற்று? சிதம்பரத்தில் கல்லூரி முதல்வராக இருந்த நீலகண்ட சாஸ்திரி இரண்டு காரணங்களை ஊகித்தார்: வியாபாரத்துக்கு ஏற்பட்ட தடை, அல்லது வெறும் திக்விஜய ஆசை. இரண்டாவதுதான் அதிகம் பொருந்துகிறது என்பது அவர் கட்சி. சரித்திராசிரியருக்கு இருந்த தயக்கம் நம் கவிஞருக்கு இல்லை.

கடாரம் இன்றைய கெடா. வெள்ளைக்காரன் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி அதே கரைக்குப் போன தமிழர்கள் கரும்புக்கும் ரப்பருக்கும் கூலியாகப் போனார்கள். 1942–43இல் ஜப்பானியர்கள் அவர்களைத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். இவர்கள் 'நாம்' இல்லையா? நம் வட்டாரம் சீந்தாத அகிலன், ராஜேந்திரனை வைத்து 'வேங்கையின் மைந்தன்' எழுதி 1963இல் சாகித்ய அக்காதெமி பரிசு வாங்கினார். அவரேதான் மலேயாத் தோட்டத் தமிழர்களை வைத்து 'பால்மரக் காட்டினிலே'யும் எழுதினார். சிருஷ்டி என்ற அளவில் இரண்டும் எனக்குப் பொருட்டில்லை. ஆனால் ஒரு ஜனரஞ்சக எழுத்தாளருக்குத் தோன்றியது நவீன கவிஞருக்குத் தோன்றவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாணயம் வெளியான அந்தக் கோயிலையே பாருங்கள். அதன் மதிற்கற்களை 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊரார் தடுத்துப் பார்த்தார்கள். செங்கல்லில் சுவர் எழுப்பித் தருகிறோம் என்றது கம்பெனி சர்க்கார், எழுப்பவில்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் தண்ணீரில்தான் சிதம்பரம் பக்கத்து வயல்கள் விளைகின்றன. 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போவதும் அந்த ஏரியிலிருந்து. அந்த வெற்றியின் கல் இன்றைக்கு யாருக்காவது பிரயோஜனப்படுகிறதென்றால் இங்கேதான். நண்பர் தினம் குளிக்கிற தண்ணீர். அவர் கவிதையில் ஒரு சொட்டு இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று வர்ணிக்கும் சோழகங்கம் மட்டும் வருகிறது. அந்தக் கங்கை நீரைத் தோற்ற அரசர்களைக் கொண்டே சுமந்துவரச் செய்தார்கள் என்று அதே செப்பேட்டில் இருப்பது வரவில்லை.

கவிதையை இந்த இதழுக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்வி. போடுங்கள். இதையும் பக்கத்திலேயே போடுங்கள்.