பூட்டாத சிறை

ஜெய்ப்பூருக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் சாங்கானேர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். விமான நிலையம் இருப்பது அந்தப் பகுதியில்தான். வெள்ளைப் பருத்தித் துணியில் சின்னச் சின்னப் பூக்களை மர அச்சால் ஒற்றியெடுக்கும் கைவேலைக்கும் பேர்போன ஊர். தேக்காவில் ‘ஜெய்ப்பூர் காட்டன்’ என்று பேரம் பேசி வாங்குகிறோமே, அந்தக் குர்த்திகளில் சாங்கானேர்ப் பூக்களைப் பார்க்கலாம்.

அதே ஊரில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கைதிகள் வேலைக்குக் கிளம்புகிறார்கள். ஒருவர் தொழிற்சாலைக்கு, ஒருவர் கட்டட வேலைக்கு, இன்னொருவர் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாக. மாலையில் திரும்பி வந்து மறுபடி பெயர் கொடுக்கிறார்கள். பிறகு வீட்டுக்குப் போகிறார்கள். ஆமாம், வீட்டுக்கு. மனைவி சமைத்திருப்பார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சின்ன வீடு அது. உயர்ந்த மதில் இல்லை, துப்பாக்கி ஏந்திய காவலர் இல்லை. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள்.

ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் நேற்று ஆரம்பித்த பரிசோதனை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் திறந்தவெளிச் சிறை 1963-இல் தொடங்கியது. அப்போது ராஜஸ்தான் ஆளுநராக இருந்த சம்பூர்ணானந்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இன்று சுமார் 400 கைதிகள், பலர் குடும்பத்தோடு, அங்கே வாழ்கிறார்கள். அந்த மாநிலத்தில் மட்டும் இப்படிப்பட்ட திறந்தவெளிச் சிறைகள் 40 அளவில் உள்ளன. அத்தனையிலும் பெரியது, பேர்பெற்றது சாங்கானேர்தான்.

யார் வேண்டுமானாலும் அங்கே போய்விட முடியாது. தண்டனையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை வழக்கமான மூடிய சிறையில் கழித்திருக்க வேண்டும். நடத்தை நன்றாக இருக்க வேண்டும். சில வகைக் குற்றங்களைச் செய்தவர்களுக்கு இடமே கிடையாது. ஆக, கோபத்தின் சூட்டோடு வந்து சேர்பவர்கள் அல்லர் இவர்கள். பல ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் இருந்து, அந்தச் சூடு தணிந்தவர்கள்.

போன பிறகுதான் வேடிக்கை. அரசாங்கம் சோறு போடுவதில்லை. அரிசி, மாவு, மின்சாரக் கட்டணம், பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாவற்றுக்கும் கைதிதான் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். வேலையையும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். ‘முகவரி?’ என்று முதலாளி கேட்டால் சிறையின் பெயரைச் சொல்ல வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆனாலும் காலம் போகப் போக அக்கம்பக்கத்துக்குப் பழகிவிட்டது. வளாகத்து அன்றாட விவகாரங்களைக் கைதிகளே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிறது. பெயர் கூப்பிடுவதும் அவர்கள் பொறுப்புதான். சண்டை, தண்ணீர்ப் பிரச்சினை, புதிதாக வந்தவருக்கு இடம் என்று எல்லாம் அங்கேதான் பேசித் தீர்கிறது. நம் அடுக்குமாடிக் குடியிருப்பாளர் குழுவை விட அவர்கள் கூட்டம் ஒழுங்காக நடக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.

ஓடிப்போனவர்களே இல்லையா? உண்டு, ஆனால் மிகக் குறைவு. ஓடிப் பிடிபட்டால் திரும்பப் போவது மூடிய சிறைக்கு. மனைவி, பிள்ளை, வேலை, வீடு அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். மதிலை விட அந்தக் கணக்குதான் உயரம். இன்னொரு விசித்திரமும் நடக்கிறது. தண்டனை முடிந்த பிறகும் சிலர் காலிசெய்யத் தயங்குகிறார்கள். அதிகாரிகள் வலியுறுத்தி அனுப்ப வேண்டியிருக்கிறது. சிறையிலிருந்து கைதியை வெளியே தள்ளுவதற்குப் பாடுபடும் சிறை நிர்வாகத்தை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இந்தக் கதை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தோன்றினால் அதற்குக் காரணம் எம்ஜிஆர். 1975-இல் வந்த ‘பல்லாண்டு வாழ்க’ படத்தில் கொடுங்குற்றவாளிகள் ஆறு பேரை வெளியே அழைத்துப் போய், உழைக்க வைத்துத் திருத்தும் சிறை அதிகாரியாக வருவார். வானொலியில் அந்தப் படத்துப் பாடலைப் போட்டால் இன்றும் அழைப்பு வரும். அது வி. சாந்தாராம் 1957-இல் எடுத்த ‘தோ ஆங்க்கேன் பாரா ஹாத்’ இந்திப் படத்தின் தமிழாக்கம். இந்திப் படத்துக்கு வேர், இன்றைய மகாராஷ்டிராவில் இருந்த அவுந்த் சமஸ்தானத்தில் 1939-இல் உருவான சுதந்திரபூர் என்ற கைதிகள் குடியிருப்பு. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர் போலந்தில் பிறந்த பொறியாளர் மாரிஸ் ஃப்ரைட்மன். திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியிடம் தங்கியவரும் இவர்தான். தமிழ்நாட்டிலும் திறந்தவெளிச் சிறைகள் இருக்கின்றன. காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு வாழவிட்டு, ஊருக்குள் வேலைக்கும் அனுப்பும் சாங்கானேர் முறை அதைவிடப் பல படி தாண்டியது.

சரி, கொல்லப்பட்டவரின் வீட்டில் என்ன நினைப்பார்கள்? இதைக் கேட்காமல் சாங்கானேரைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஒரு தாய் மகனை இழந்திருக்கிறாள். அவனைக் கொன்றவன் சில ஆண்டுகளுக்குப் பிறகு தன் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறான் என்று அவளுக்குத் தெரியவருகிறது. அவளிடம் போய் மறுவாழ்வு, சீர்திருத்தம் என்றெல்லாம் பேச எனக்கு வாய் வராது. சாங்கானேர் அவளுக்காக எதுவும் செய்வதில்லை. உண்மையைச் சொன்னால் மூடிய சிறையும் செய்வதில்லை. தண்டனை முடிந்து ஒருநாள் அவன் வெளியே வரத்தான் போகிறான். எப்படிப்பட்டவனாக வருவான் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை வைத்தால் எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று சொல்லவும் நம்மால் முடியாது. நம் ஊரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. சிங்கப்பூருக்குத் தெற்கே புலாவ் செனாங் என்று ஒரு தீவு. மலாயில் ‘நிம்மதித் தீவு’ என்று பொருள் கொள்ளலாம். பின்னாளில் அதிபரான தேவன் நாயர் தலைமையில் அமைந்த சிறை விசாரணைக் குழுவின் யோசனைப்படி, 1960-இல் அங்கே ஒரு திறந்தவெளிக் குடியேற்றம் தொடங்கியது. ரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்களை அங்கே கொண்டுபோனார்கள். கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் வேலையின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை உள்ளவர். அதிகாரிகளுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்றார். காட்டை வெட்டிச் சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள், பட்டறைகள் வந்தன. பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

1963 ஜூலை 12, மதியம். கோடரியும் பாராங் கத்தியும் வேலைக்கருவிகளாகக் கையில் இருந்தவர்கள் அவற்றை அதிகாரிகள் பக்கம் திருப்பினார்கள். டட்டனும் அவருடன் சில அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஆறுமுகம் வீரசிங்கம். கட்டிய கட்டடங்களைக் கட்டியவர்களே கொளுத்தினார்கள். 58 பேர் மீது வழக்கு நடந்து, 18 பேர் 1965 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று அந்தத் தீவு ராணுவத்தின் குண்டுப் பயிற்சிக்களம். யாரும் கால் வைக்க முடியாது.

‘பார்த்தீர்களா, இவர்களை நம்பினால் இதுதான்’ என்று அந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. புலாவ் செனாங்கில் இருந்தவர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டவர்கள். எத்தனை ஆண்டு என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை. எப்போது விடுதலை என்பது அதிகாரிகளின் மதிப்பீட்டைப் பொறுத்தது. கலவரத்துக்குச் சில நாள் முன்பு, வேலை நேரம் முடிந்தபிறகும் படகுத்துறையில் வேலை செய்ய மறுத்த தச்சர்களைத் திரும்பச் சாங்கிச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பம் கூட இல்லை. உழைப்பு இருந்தது, ஆனால் உழைப்பின் பலனாக எந்தத் தேதியும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாங்கானேர்க் கைதி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். சம்பளம் அவர் கையில். இரவில் கதவைத் திறக்கிறவர் அவர் மனைவி. கம்பி இல்லாத இடமெல்லாம் திறந்தவெளிச் சிறை ஆகிவிடாது. இதில் எதுவும் கொலையை நியாயப்படுத்தாது, டட்டன் நல்லெண்ணத்தோடு போனவர் என்பதையும் மறுக்காது.

இன்றைய சிங்கப்பூரில் சாங்கானேர் போல் ஒன்று இல்லை. ஆனால் தண்டனையின் கடைசிப் பகுதியைச் சிலர் கணுக்காலில் மின்னணுப் பட்டையோடு சொந்த வீட்டில் கழிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். சாக்ஸ் மறைத்திருக்கும். 2004-இல் மஞ்சள் நாடா திட்டம் வந்ததிலிருந்து இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருக்கிறோம். விடுதலையானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்ப உள்ளே போகிறார். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இது நல்ல எண் என்பார்கள்.

எண் நல்லதுதான். நம் வீடுகளில் பேச்சு இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. விருப்பப் பாடல் நேரத்தில் ஒரு அக்கா அழைத்தார். தம்பிக்காக ஒரு பாட்டு வேண்டும் என்றார். தம்பி எங்கே என்று வழக்கம்போல் கேட்டேன். “வெளியூர்ல வேலை” என்றார். ஒலிவாங்கியை மூடிய பிறகு, “அவனுக்குக் கேக்காதுப்பா, உள்ளே இருக்கான். அம்மா கேப்பாங்க, அதுக்குத்தான்” என்றார். எத்தனை குடும்பங்களில் எத்தனை பேர் இப்படி ‘வெளியூரில்’ இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். கல்யாண வீட்டில் கேட்டால் ஒரு பதில், கோயிலில் கேட்டால் இன்னொரு பதில். அந்தப் பொய்களை நினைவில் வைத்துக்கொள்வதே அந்த அக்காவுக்கு ஒரு தனி வேலை.

இதைப் படிக்கும் இளையர்கள் பலர் இப்போது ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். சிறிய நிறுவனம் நடத்துகிறவர்களும் உண்டு. அரசாங்க வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் ‘முன்பு குற்றத் தண்டனை பெற்றதுண்டா’ என்ற கட்டத்தை 2017-இலேயே எடுத்துவிட்டார்கள். நேர்முகத்துக்குத் தேர்வான பிறகுதான் அந்தப் பேச்சு. அதாவது, ஆளைப் பார்ப்பதற்கு முன்பே தாளைத் தூக்கி ஓரத்தில் போட முடியாது. தனியார் படிவங்கள் பலவற்றில் அந்தக் கட்டம் இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் அலுவலகப் படிவத்தில் இருக்கிறதா என்று திங்கட்கிழமை ஒருமுறை பாருங்கள்.