நோயாளிக்குத் தனிக் கணக்கு: மார்க்கம் தந்ததை நாம் மறுக்கலாமா?

 

ரமளான் நோன்பு கடமை. ஆயினும் நோயாளி அதனை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். வலிமையுள்ளவருக்கு ஒரு கணக்கு, நலிந்தவருக்கு வேறு கணக்கு என்பது மதரஸாவில் நாம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. தடுப்பூசி என்றவுடன் மட்டும் அதனை மறந்துவிடுகிறோம்.

"இரண்டு ஊசி போட்டாயிற்றே, இன்னும் எதற்கு? அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இல்லையா?" சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவரையும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவரையும் நோக்கி நம் மஹல்லாக்களில் இக்கேள்வி எழுப்பப்படுகிறது. கேட்பவர்கள் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். மாற்றப்பட்ட உறுப்பை உடல் புறக்கணிக்காதிருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை அவர் அன்றாடம் உட்கொள்கிறார். அம்மருந்தே தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டு பிரான்சின் துலூஸ் நகரில், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற 101 பேரை ஆராய்ந்தனர். கொரோனா தடுப்பூசி இரண்டு தவணை செலுத்திய பின் நூற்றுக்கு 40 பேரிடமே எதிர்ப்பொருள் தென்பட்டது. மூன்றாம் தவணைக்குப் பின் அது 68 ஆக உயர்ந்தது. ஆகவே இவர்களுக்கு மூன்றாவது ஊசி உபரியன்று. நலமுள்ளவர் இரண்டில் பெறுவதை எட்டுவதற்கான முயற்சி.

இதனை உணர்ந்த அமெரிக்கா 2021 ஆகஸ்ட்டிலும் பிரிட்டன் செப்டம்பரிலும் இவர்களுக்கெனக் கூடுதல் தவணையை அறிவித்தன. நம் நாட்டில் நடந்தது என்ன? 2022 ஜனவரி 10 அன்று தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணை, சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோயுள்ள அறுபது வயது கடந்தோர் ஆகியோருக்கே கிடைத்தது. முப்பத்தைந்து வயதில் மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவருக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஏப்ரல் 10 அன்று பதினெட்டு வயது கடந்தோர் அனைவருக்கும் கதவு திறந்தது. ஆனால் தனியார் மையத்தில், கட்டணத்திற்கு. ஊசிக்கு 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. இரண்டாம் தவணை முடிந்து ஒன்பது மாதம் கடந்திருக்கவும் வேண்டும். இலவசமாகக் கிடைத்தது ஜூலை 15க்குப் பிறகே. ஓமிக்ரான் அலையோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே வந்து சென்றுவிட்டது.

குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் வாழும் ஏழைக்கு இதன் பொருள் என்ன? ஊசியின் விலையோடு பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் சேரும். நலிந்தவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது, வசதியுள்ளவருக்கே முதலில் கிடைத்தது. இது அநீதி என்று உரக்கச் சொல்வது நம் கடமை.

ஆனால் அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. தவக்குல் என்ற பெயரால் நோயாளியின் கையைப் பிடித்து இழுப்பவர்கள் நம்மவர்களே. கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு ஸர்கிலிருந்து திரும்பிய உமர் (ரலி) அவர்களை விடவா நமக்கு இறைநம்பிக்கை மிகுதி? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே பொறுப்புச் சாட்டும்படி கற்பித்தவர்கள் அல்லவா நபி (ஸல்) அவர்கள்? ஹஜ்ஜுக்குச் செல்கையில் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு மறுபேச்சின்றிக் கை நீட்டுகிறோம். அப்போது குறையாத ஈமான், ஒரு நோயாளியின் மூன்றாவது ஊசியில் குறைந்துவிடுமா?

இது கொரோனாவோடு முடிந்த விவகாரமும் அன்று. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை வழக்கமான அளவைப் போல் இருமடங்காக, நான்கு தவணைகளில் செலுத்தும் முறை உண்டு. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளும் இவர்களுக்கு முக்கியம். அதேவேளை, உயிருள்ள கிருமியால் ஆன சில ஊசிகள் இவர்களுக்கு ஆகா. எது, எப்போது, எத்தனை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் சிகிச்சையளிக்கும் மருத்துவரே. தெருமுனைப் பேச்சோ வாட்ஸ்அப் செய்தியோ அன்று.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவில் இத்தகைய நோயாளிகள் யார் எனக் கேட்டறியுங்கள். அதனை ஊரறியச் செய்யாமல் அமானிதமாகக் காத்திடுங்கள். அவர்களின் ஊசிச் செலவையும் பயணச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இமாம்களே! ஜும்ஆ மேடையில் இதனைத் தெளிவுபடுத்துங்கள். இருமலோடு நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோரே! அன்று தொலைபேசியில் விசாரியுங்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

நலிந்தவருக்கு மார்க்கம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. அதனை அழிக்கும் உரிமை நமக்கில்லை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.